கெண்டைக்கால் வடிவத்தை மாற்றும் சர்ஜரி: செய்துகொண்டவர்கள், விவரம் தெரிந்தவர்கள் வரவும்

ஒற்றைக்கால்_கொக்கு எழுதியது:

எனக்குப் பிறவியிலேயே வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. கிளப் ஃபுட் என்பார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, சின்னத் துளை வழியாகக் குதிநாணை வெட்டிவிட்டு, இரண்டு பூட்ஸைக் கம்பியால் இணைத்துத் தூங்கும்போது மாட்டிவிட்டு, நேராக்கிவிட்டார்கள். பொன்செட்டி முறை. நடக்கிறேன், ஓடுகிறேன், அதில் எந்தக் குறையும் இல்லை.

கெண்டைக்கால்தான் தேறவே இல்லை. டேப் வைத்து அளந்தால் இடதைவிட வலது 4 செ.மீ. குறைவு. ஜிம்மில் வலது காலுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி செய்து பார்த்தாயிற்று. அது மசியவில்லை. எப்போதாவது சோம்பேறித்தனமாக இரண்டு காலுக்கும் சேர்த்துச் செய்தால் இடது கால்தான் முந்திக்கொண்டு பருக்கிறது!

சிலிக்கான் இம்பிளான்ட் வைப்பதாகவும், உடம்பின் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து ஊசியால் ஏற்றுவதாகவும் இரண்டு வழி சொல்கிறார்கள். எது எனக்குப் பொருந்தும்? நடை பாதிக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

நடக்கிறது, ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எதற்குக் கத்தி? கடவுள் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள் நண்பரே.

ஒற்றைக்கால்_கொக்கு எழுதியது:

கடவுள் கொடுத்தபடியே விட்டிருந்தால் நான் இன்றைக்குப் பாதத்தின் ஓரத்தால்தான் நடந்துகொண்டிருப்பேன். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

படியேறி எழுதியது:

நான் இம்பிளான்ட் வைத்துக்கொண்டவன். எனக்குக் கிளப் ஃபுட் இல்லை. வளரும் வயதில் கால் முறிந்து நீண்ட காலம் மாவுக்கட்டோடு கிடந்ததில் ஒரு பக்கம் சூம்பிப்போனது.

குப்புறப் படுக்கவைத்துத்தான் செய்வார்கள். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு விழும் இடத்தில், அந்தக் கோட்டோடு ஒட்டினாற்போல் 4, 5 செ.மீ. கீறல். தழும்பு மடிப்பிலேயே மறைந்துவிடும் என்பதால் அந்த இடம். தசையை மூடியிருக்கும் உறையைத் திறந்து, உறைக்கும் தசைக்கும் நடுவில் ஒரு பைபோல இடம் பண்ணி, சுருட்டுமாதிரி நீண்ட சிலிக்கான் துண்டை உள்ளே தள்ளுகிறார்கள். எனக்கு வைத்தது திடமான சிலிக்கான். கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள், அழுத்தினால் அமுங்கும், உடையாது, ஒழுகாது. ஜெல் நிரப்பியதும் இருக்கிறது. உள்பக்கத்துக்கு ஒன்று போதுமா, வெளிப்பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு வேண்டுமா என்பது காலைப் பொறுத்தது.

வலியைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். கீறல் வலி பெரிதில்லை. உள்ளே இருந்து யாரோ சதையை விரித்துப் பிடித்திருப்பதுபோல் ஓர் இறுக்கம், அதுதான் பாடாய்ப் படுத்தும். குதிகாலைத் தரையில் ஊன்றினால் கெண்டைச் சதை இழுபட்டு உயிர் போகும். அதனால் குதி உயர்ந்த செருப்பு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், ஆண்களுக்கும்தான். அதைப் போட்டுக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் படி இறங்கினேன். வீட்டில் எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு வாரத்தில் போகலாம். ஓட்டம், ஜிம் எல்லாம் 6 வாரமாவது ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். கணுக்காலின் வெளிப்பக்கம் கொஞ்ச நாள் மரத்திருந்தது, பிறகு திரும்பியது. இப்போது நடையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பலம் கூடிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலிக்கான் சுருங்கி விரியாது, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான்.

தசையும்_நாணும் எழுதியது:

இயன்முறை மருத்துவம் பார்ப்பவன். கொக்கு கேட்டதற்கு என் பங்குக்கு.

கெண்டைக்காலில் மேலே தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். உள்தலை, வெளித்தலை என்று இரண்டு பாகம். உள்தலைதான் பெரியது, கொஞ்சம் கீழேயும் இறங்கி நிற்கும். அதற்கு அடியில் சோலியஸ். இரண்டும் சேர்ந்து குதிநாணாகக் கீழே போகின்றன. தசை எங்கே முடிந்து நாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறப்பிலேயே தீர்மானமாகிவிடும். உயரத்திலேயே தசை முடிந்துவிட்டவர்கள் எத்தனை ஆயிரம் தடவை குதியைத் தூக்கி இறக்கினாலும் இருக்கும் தசை தடிக்குமே தவிர கீழே நீளாது. கிளப் ஃபுட் காலில் தசையே குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும், பாதத்தை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் அந்த மெலிவு வாழ்நாள் முழுக்க நிற்கும். ஆகவே கொக்கு, நீங்கள் ஜிம்மில் சோம்பியதால் வந்ததல்ல இது. பயிற்சியை விடவும் வேண்டாம்.

இம்பிளான்ட் மேல்பாதியைத்தான் நிரப்பும். கணுக்காலுக்குச் சற்று மேலே ஒல்லியாக இருக்கும் பகுதியில் அதை வைக்க முடியாது, அங்கே கொழுப்பு ஏற்றினால்தான் உண்டு. இம்பிளான்ட் மட்டும் வைத்த சில கால்களில் மேலே திரண்டும் கீழே குச்சியாகவும் தெரிவதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று, உங்களைப் போன்றவர்களுக்குத் தோலும் தசை உறையும் இறுக்கமாக இருக்கும். 4 செ.மீ. வித்தியாசத்தை ஒரே நாளில் சரிக்கட்டுகிறேன் என்று பெரிய துண்டைத் திணித்தால் உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடலாம். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, கால்விரலை யாராவது மேல்நோக்கி மடக்கினால் துடிதுடிக்கும் வலி, விறுவிறுப்பு, பாதம் மரத்துப்போவது. இதில் எது வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று படுத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் ஓட வேண்டும். இம்பிளான்ட்டை எடுத்து, உறையைத் திறந்துவிட்டால்தான் கால் பிழைக்கும்.

மெல்லநட எழுதியது:

நான் கொழுப்பு ஏற்றிக்கொண்டவள். எனக்கும் ஒரு கால்தான். தொடையிலிருந்து உறிஞ்சி, சுத்தம் செய்து, மெல்லிய குழாயால் கெண்டைக்காலில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக இழை இழையாக விட்டார்கள். எடுத்த இடத்தில்தான் எனக்கு வலி அதிகம், தொடை முழுக்கக் கருநீலம்.

முதல் மாதம் கண்ணாடியைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். நம்பாதீர்கள், பாதி வீக்கம். மூன்று மாதம் போன பிறகு மிஞ்சுவதுதான் நம் சொத்து. ஏற்றியதில் பாதிக்கு மேல் கரைந்துபோவதும் சகஜம், திரும்ப ஒரு தடவை ஏற்ற வேண்டிவரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அப்படியே ஆனது. நின்ற கொழுப்பு நிலையானது, ஆனால் அது கொழுப்புதானே, உடம்பு இளைத்தால் அதுவும் இளைக்கும். ஒல்லியானவர்களுக்கு எடுக்கவே கொழுப்பு இருக்காது, அது வேறு சிக்கல். தொட்டால் சதைமாதிரியே இருப்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. விளிம்பு தட்டுப்படாது.

சந்தனமுல்லை எழுதியது:

இதே இழையில் கேட்கலாமா? எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மேலுடம்பு ஒல்லி, கெண்டைக்கால் மட்டும் பருமன். பட்டினி கிடந்தும் அசையவில்லை. போடாக்ஸ் ஊசி போட்டால் மெலிந்துவிடும் என்று ஓர் அழகு மருத்துவமனையில் சொன்னார்கள், காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நரம்பை வெட்டி நிரந்தரமாகக் குறைப்பதும் உண்டாமே?

தசையும்_நாணும் எழுதியது:

தொடாமலே சொன்னார்களா? சரி, நீங்களே தொட்டுப் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நில்லுங்கள். தசை கல்லாக இறுகும். அந்த நிலையில் அதன்மேல் தோலைக் கிள்ளுங்கள். விரலுக்குள் மெல்லிய தோல்தான் அகப்படுகிறது என்றால் உங்கள் பருமன் தசை. கொத்தாக வருகிறது என்றால் கொழுப்பு. ஸ்கேன் பார்த்து உறுதிசெய்வது மருத்துவர் வேலை, ஆனால் இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

தசை என்றால்தான் போடாக்ஸுக்கு வேலை. ஊசி போட்ட தசை செயலிழந்து, வேலையில்லாமல் சூம்புகிறது. ஓரிரு மாதத்தில் வித்தியாசம் தெரியும், அரை வருடம் போல நிற்கும், பிறகு பழையபடி. ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் ஒன்றல்ல, போடாக்ஸுக்கும் டிஸ்போர்ட்டுக்கும் கணக்கே வேறு, ஆகவே அவளுக்கு இத்தனை போட்டார்கள் என்று ஒப்பிடாதீர்கள். இந்த மருந்துக்கு அங்கீகாரம் இருப்பது முகச் சுருக்கம், பக்கவாதத்துக்குப் பிறகு வரும் தசை இறுக்கம் போன்றவற்றுக்கு. காலை மெலியவைப்பது அந்த அங்கீகாரத்துக்கு வெளியே மருத்துவர் தன் பொறுப்பில் செய்வது. அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

நிரந்தர வழிகளும் இருக்கின்றன, தென்கொரியாவில் நிறையவே செய்கிறார்கள். உள்தலைக்குப் போகும் நரம்புக் கிளையை முழங்காலுக்குப் பின்னால் வெட்டுவது, ரேடியோ அலை ஊசியால் நரம்பையோ தசையையோ சுடுவது, தசையையே செதுக்கி எடுப்பது. என் கருத்தைக் கேட்டால், பருக்கவைக்கும் சர்ஜரியைவிட மெலியவைக்கும் சர்ஜரிக்கு நான் பத்து மடங்கு யோசிப்பேன். இம்பிளான்ட் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். வெட்டிய நரம்பை எங்கே போய்த் தேடுவது? கெண்டைச் சதை அலங்காரத்துக்கு இருப்பதும் இல்லை. ஒவ்வொரு அடியிலும் உடம்பை முன்னால் தள்ளுவது அது, கீழே இறங்கிய ரத்தத்தைப் பிழிந்து இதயத்துக்கு ஏற்றி அனுப்புவதும் அதுதான்.

தூரநடை எழுதியது:

போடாக்ஸ் போட்டவள் சொல்கிறேன். மெலிந்தது உண்மை, முட்டி வரை ஜிப் வைத்த பூட்ஸ் ஏறியது. ஆனால் மலைப்பாதையில் ஏறும்போது கால் சட்டென்று தளர்ந்துவிடும், நுனிக்காலில் நின்று பரணில் இருந்து எதையும் எடுக்க முடியாது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் பலமும் வந்தது, பருமனும் வந்தது. திரும்பப் போடவில்லை.

என் தோழி ஒருத்தி நரம்பு வெட்டிக்கொண்டாள். உள்பக்கம் ஒட்டிப்போய், அந்த வேலையையும் சேர்த்துச் செய்த வெளித்தலை புடைத்துக்கொண்டது. முன்னால் இருந்து பார்த்தால் கால் வெளிப்பக்கம் வளைந்த மாதிரி இருக்கிறது. இப்போது அந்தப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப போடாக்ஸ். செய்த மருத்துவமனையில் கேட்டால் சிலருக்கு அப்படி ஆகும் என்கிறார்களாம்.

இரவுப்பணி எழுதியது:

செவிலியராக வேலை பார்க்கிறேன். சந்தனமுல்லை, தசையா கொழுப்பா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், மூன்றாவதாக நீர் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், ரத்தக்குழாய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், அழகு மருத்துவர் அதற்கு ஆள் இல்லை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே போக வேண்டும்.

உங்களிடம் சில கேள்விகள். பருமன் இரண்டு காலிலும் ஒரே மாதிரியா? பாதம் ஒல்லியாக இருந்து, கணுக்காலில் வளையல் மாட்டியதுபோல் பருமன் சட்டென்று நிற்கிறதா? லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா? அழுத்தினால் வலிக்கிறதா? எப்போது ஆரம்பித்தது?

சந்தனமுல்லை எழுதியது:

இரண்டு கால், ஆம். பாதம் ஒல்லி, ஆம். கணுக்காலில் அந்த மடிப்பு அப்படியே இருக்கிறது. மேஜைக் கால் இடித்தது தெரியவே தெரியாது, மறுநாள் பார்த்தால் பச்சைக் கறை இருக்கும். பூனை மடியில் ஏறி மிதித்தால்கூட வலிக்கும். வயதுக்கு வந்ததிலிருந்தே. அம்மாவுக்கும் இதே கால். நுனிக்காலில் நின்று கிள்ளிப் பார்த்தேன், கொத்தாகத்தான் வருகிறது.

இரவுப்பணி எழுதியது:

இழையில் நோய் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் லிப்பெடிமா (காலில் கொழுப்பு அளவுமீறிச் சேரும் நோய்) என்ற பெயரை எழுதி வைத்துக்கொண்டு ரத்தக்குழாய் அல்லது நிணநீர் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருவது. பருவமடைதல், கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் சமயம் என்று ஹார்மோன் மாறும் காலங்களில் தலைகாட்டும், குடும்பத்தில் ஓடும். பட்டினி கிடந்தால் முகம் வற்றும், கால் வற்றாது. மேயோ கிளினிக்கில் ஆலன், ஹைன்ஸ் என்ற இருவர் 1940லேயே இதை விவரித்துவிட்டார்கள், ஆனாலும் இன்றுவரை பெண்களிடம் குறைவாகச் சாப்பிடு என்று சொல்லியே அனுப்புகிறார்கள். நிணநீர் வீக்கத்தில் பாதமும் வீங்கும், இரண்டாவது விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்க வராது. இரண்டும் வேறு வேறு.

உங்களுக்கு அதுதான் என்றால் போடாக்ஸ் போட்டுப் பயனே இல்லை, அங்கே தசையின் மேல் குற்றமில்லை. அழுத்தக் காலுறை, நீச்சல்போன்ற பயிற்சி, தேவைப்பட்டால் அந்த நோயைத் தெரிந்தவர் கையில் லிப்போசக்ஷன், அதாவது கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் லிப்போசக்ஷன் செய்தால் வீக்கம் வடிய வயிற்றைவிட அதிக நாளாகும், மாதக்கணக்கில் காலுறை போட வேண்டும். ஓரிடத்தில் அதிகமாக உறிஞ்சிவிட்டால் மேடு பள்ளம் அப்படியே தெரியும், அங்கே மறைக்கக் கொழுப்பு இல்லை.

இரும்புத்தோள் எழுதியது:

கொக்கு, எதற்கு இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? எங்கள் ஜிம்மில் சிலர் எண்ணெய் ஊசி போடுகிறார்கள், அன்றைக்கே பருத்துவிடும். ஜெல் ஊசியும் கிடைக்கிறது. சர்ஜரியே வேண்டாம்.

இரவுப்பணி எழுதியது:

அன்றைக்கே பருக்கும், அப்புறம் அழுகும். சிந்தால்போன்ற எண்ணெய் தசைக்குள் போனால் உடம்பு அதைச் சுற்றிக் கட்டி கட்டியாகச் சுவர் எழுப்பும், சீழ் வைக்கும், ரத்தக்குழாய்க்குள் போனால் நுரையீரலை அடைக்கும். முழுசாகத் திரும்ப எடுக்கவும் முடியாது, சதையோடு சேர்த்து வெட்டித்தான் எடுப்பார்கள். ஜெல் என்றும் சிலிக்கான் திரவம் என்றும் விற்பவையும் அப்படித்தான். பாலிஅக்ரிலமைடு ஜெல்லைச் சீனா 2006இல் தடையே செய்தது. கட்டு மாற்றும்போது அந்தக் கால்களைக் கிட்டத்தில் பார்க்கிறவள் என்பதால் கோபமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நிலாச்சோறு எழுதியது:

தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் கேட்கிறேன். என் பையனுக்கு நான்கு வயது. கெண்டைக்கால் பயில்வான் மாதிரி திரண்டிருக்கிறது என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். ஓடுவதில் மட்டும் மந்தம். பெரியவனானதும் இப்படி ஏதாவது செய்ய வேண்டியிருக்குமா?

இரவுப்பணி எழுதியது:

பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. தரையில் உட்கார்ந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி எழுகிறானா? படியேறத் திணறுகிறானா? அடிக்கடி விழுகிறானா, நுனிக்காலில் நடக்கிறானா? ஆம் என்றால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். டூசென் என்ற தசை நோயில் சிறுவர்களுக்குக் கெண்டைக்கால் பருத்திருக்கும், ஆனால் உள்ளே தசைக்குப் பதில் கொழுப்பும் நாரும் சேர்ந்திருக்கும், பலம் இருக்காது. சிகே என்ற ரத்தப் பரிசோதனையில் முதல் தடயம் கிடைத்துவிடும். ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதி.

நிலாச்சோறு எழுதியது:

கையை ஊன்றித்தான் எழுவான். நாளைக்கே போகிறோம். நன்றி அக்கா.

வெட்டிப்பேச்சு எழுதியது:

கொக்கு, உங்களை அப்படிச் சொன்னது பிடிக்கவில்லை என்றால் விடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். இத்தனை ஆண்டு மறைத்து வாழ்ந்தவருக்கு 4 செ.மீ. 1 செ.மீ. ஆனால் போதுமா? அந்த ஒன்றையும் டேப் வைத்து அளந்துகொண்டு இருப்பீர்களோ?

ஒற்றைக்கால்_கொக்கு எழுதியது:

நல்ல கேள்வி, சர்ஜனும் இதையேதான் கேட்டார். இடைப்பட்ட நாட்களில் போய்ப் பார்த்தேன். பேன்ட்டுக்குள் மட்டும் மறைய வேண்டுமா, கடற்கரையில் நிற்க வேண்டுமா என்றார். வெயில் காலத்தில் அரைக்கால் சட்டை போட்டால் யாரும் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கக் கூடாது, அது போதும் என்றேன். அப்படியானால் இரண்டு காலும் அச்சாக இருக்க வேண்டியதில்லை என்று அவரும் சொன்னார்.

தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தார், தசையும்_நாணும் சொன்ன அதே இறுக்கம். முதலில் கொழுப்பு, கணுக்காலுக்கு மேலே உள்ள ஒல்லிப் பகுதியையும் சேர்த்து. தோல் கொஞ்சம் இளகிய பிறகு, தேவைப்பட்டால் உள்பக்கம் சின்ன இம்பிளான்ட் ஒன்று. எலும்பு வளைவு எவ்வளவு என்று பார்க்க எக்ஸ்ரேவும் எடுக்கச் சொன்னார். இந்த மாதிரிக் கால்களைச் செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அழகுக்காகச் செய்தவை நிறைய, கிளப் ஃபுட் கால்கள் சில என்று மழுப்பாமல் சொல்லி, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த படங்களைக் காட்டினார். ஒரு படத்தில் விளிம்பு லேசாகத் தெரிந்தது, அதையும் மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்தது. சிகரெட்டை 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டுமாம். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

படியேறி, தூங்கும்போது காலை எப்படி வைத்தீர்கள்? வேலை விஷயமாக நீண்ட விமானப் பயணமும் இருக்கிறது, எப்போது போகலாம்?

படியேறி எழுதியது:

மல்லாந்து படுத்து, கால் முழுவதும் உயரும்படி அடியில் தலையணைகளை அடுக்கினேன். ஒரே தலையணையைக் கெண்டைக்காலுக்கு நேர் கீழே கொடுக்க வேண்டாம், அது அந்த இடத்தையே அழுத்தும். படுத்தபடியே மணிக்கொரு தரம் பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைக்கச் சொன்னார்கள். எவ்வளவு அசைக்கலாம் என்று உங்கள் சர்ஜனைக் கேட்டுக்கொள்ளுங்கள், கொழுப்புக்கும் இம்பிளான்ட்டுக்கும் கணக்கு வேறாக இருக்கலாம்.

விமானத்தைக் குறைந்தது சில வாரம் தள்ளிப்போடுங்கள். காலில் சர்ஜரி செய்துவிட்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் உறையும். வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருந்தால் அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மெல்லநட எழுதியது:

கொழுப்பு ஏற்றிய காலுக்கு அழுத்தமான கட்டு போடலாமா என்று அவரிடம் தெளிவாகக் கேளுங்கள். எடுத்த இடத்துக்கு இறுக்கமான உடை, ஏற்றிய இடத்துக்கு அழுத்தமே கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். வீட்டில் உதவிக்கு வந்தவர்கள் நல்லெண்ணத்தில் மாற்றிக் கட்டிவிடப் பார்த்தார்கள்.